கடைக்காரருக்கும் சமையல் தெரிந்திருக்க வேண்டும்

வெயில் கொளுத்திய ஒரு பங்குனி மாதத்துப் பகல் அது. ஊரிலுள்ள சில்லறைக் கடையொன்றில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளம் பெண்ணொருவர் கடற்பாசி பெக்கட் ஒன்றைக் கையிலெடுத்து, "தம்பி, இதுக்கு எத்தனை கோப்பை தண்ணி வைக்கணும்?" என்று கேட்டார். கடையிலிருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே, "தெரியாது ராத்தா, பெக்கட்டில இருக்கும் பாருங்க" என்றான். பெக்கட்டில் இருந்ததோ அவருக்கு விளங்காத மொழி. அவர் அதைத் திரும்பவும் இறாக்கையில் வைத்துவிட்டு, வெங்காயத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

கடைக்கு ஏற்பட்ட நட்டம் ஒரு கடற்பாசி பெக்கட் மட்டும்தானா? அதனோடு போயிருக்க வேண்டிய பால்மா, சீனி, ஏலம், கஜு எல்லாமும் இறாக்கையிலேயே தங்கிவிட்டன. அதைவிடப் பெரிய நட்டம், அந்தப் பெண் அடுத்த முறை அக்கடையில் எதையும் கேட்கப்போவதில்லை என்பதுதான். கேட்காத வாடிக்கையாளர் எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம். அவருக்கு இந்தக் கடையும் ஒன்றுதான், பக்கத்து நகரத்து சுப்பர் மார்க்கெட்டும் ஒன்றுதான்.

இச்சம்பவத்தைக் கண்டபோது அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் இயங்கிய உணவுக் கடையொன்றின் கதை என் நினைவுக்கு வந்தது. எமது சிறு வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

20 அடிக்கு 20 அடி

நியூயோர்க் நகரத்துக்குக் கிழக்கே லோங் ஐலண்டில், கடலோரமாக வெஸ்ட்ஹம்டன் பீச் என்ற சிற்றூர் உள்ளது. கோடை காலத்தில் நகரத்து மக்கள் வந்து தங்கும் இடம். மே மாத இறுதியில் தொடங்கும் கூட்டம் செப்டம்பர் முதல் வாரத்தோடு கலைந்துவிடும். ஏறத்தாழ மூன்று மாத வியாபாரத்தில்தான் வருடம் முழுவதையும் ஓட்ட வேண்டும்.

1978இல் அங்கிருந்த சிறிய உணவுக் கடையொன்று விற்பனைக்கு வந்தது. பரப்பளவு 400 சதுர அடி. அதாவது 20 அடிக்கு 20 அடி. எமது ஊர்களிலுள்ள பல கடைகள் இதைவிடப் பெரியவை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து அதை வாங்கியவர் ஐனா கார்ட்டன் என்ற 30 வயதுப் பெண். அப்போது அவர் வொஷிங்டனில், வெள்ளை மாளிகையின் வரவு செலவுத் திட்ட அலுவலகத்தில், அணுசக்தி தொடர்பான செலவுகளை ஆராயும் உத்தியோகத்தில் இருந்தார். கடை நடத்திய அனுபவம் கிடையாது. சமையல் கல்லூரிக்குப் போனதும் கிடையாது. புத்தகங்களைப் பார்த்து வீட்டிலே சமைத்துப் பழகியவர்.

கடைக்கு ஏற்கனவே 'பெயார்ஃபுட் கொன்டெசா' என்று பெயர் இருந்தது. 1954இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயர் அது. வெறுங்காலுடன் நடக்கும் சீமாட்டி என்று பொருள். அவர் அந்தப் பெயரை மாற்றவில்லை. சில வருடங்களில் அதே வீதியில் பெரிய இடத்துக்கும், 1985இல் ஈஸ்ட் ஹம்டன் என்ற பக்கத்து ஊருக்கும் கடை இடம்பெயர்ந்து வளர்ந்தது. 18 வருடங்கள் நடத்திய பின், 1996இல் அதைத் தன்னிடம் வேலை செய்த இருவருக்கே விற்றார். 1999இல் கடையின் பெயரிலேயே சமையல் நூலொன்றை வெளியிட்டார். 2002இல் அதே பெயரில் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் மிகவும் அறியப்பட்ட சமையல் நூலாசிரியர்களில் அவரும் ஒருவர்.

இதில் அதிர்ஷ்டமும் உண்டு, நல்ல இடமும் உண்டு. ஆனால் அதே கடற்கரையில் கடை திறந்து மூடியவர்கள் எத்தனையோ பேர். இவர் மட்டும் நிலைத்ததற்குக் காரணம் என்ன?

சுலபமான சாப்பாடும் முகமலர்ச்சியும்

முதலாவது, அவர் விற்றவை கடினமான பண்டங்களல்ல. ஹோட்டலில் சாப்பிடும் ஆடம்பர உணவை மக்கள் தினமும் வீட்டில் விரும்புவதில்லை என்பதைக் கடை நடத்தித்தான் அவர் கற்றுக்கொண்டார். வெயிலில் களைத்து வந்தவருக்கு வேண்டியது நன்றாக வெந்த கோழி, சுட்ட கரட், பச்சைக் காய்கறி, ஒரு துண்டு கேக். தெரிந்த சாப்பாடு, ஆனால் நல்ல சாமானில், நன்றாகச் செய்தது.

இரண்டாவது, கடைக்கு வருவதே ஒரு விருந்துக்கு வருவது போல் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். உள்ளே நுழைந்தவுடன் சுவை பார்க்க ஏதாவது இருக்கும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

மூன்றாவதுதான் எமக்கு மிக முக்கியமானது. தன் சமையல் முறையை அவர் மறைக்கவில்லை. கடையில் விற்ற கோழியை எப்படிச் செய்வது என்று நூலில் அப்படியே எழுதிவிட்டார். அவருடைய புகழ்பெற்ற கோழியின் முறை இவ்வளவுதான்: சுத்தம் செய்த முழுக் கோழியின் உட்புறம் உப்பும் மிளகும் தடவ வேண்டும். ஓர் எலுமிச்சையைப் பாதியாக வெட்டியும், முழு வெள்ளைப்பூடு ஒன்றைக் குறுக்காக வெட்டியும், தைம் என்ற வாசனை இலையோடு உள்ளே வைக்க வேண்டும். வெளியே பட்டர் பூசி, மீண்டும் உப்பும் மிளகும் தூவி, வெங்காயம், கரட் போன்றவற்றின் மேல் வைத்து, ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றரை மணித்தியாலம் ஓவனில் வைத்தால் சரி. அது இரண்டரைக் கிலோ அளவுள்ள கோழிக்கு. எமது ஒன்றேகால் கிலோக் கோழிக்கு ஒரு மணித்தியாலம் போதும். தைம் கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

வீட்டுத் தலைவி ஒருவர் இதை வாசித்தால் என்ன செய்வார்? கோழி மட்டும் வாங்க வந்தவர் தேசிக்காய், வெள்ளைப்பூடு, பட்டர், மிளகு, கரட் என்று ஐந்தாறு பொருட்களோடு வீடு திரும்புவார். ஒரு சமையல் குறிப்பு ஆறு பொருளை விற்கிறது. எந்த விளம்பரப் பலகையால் இது முடியும்?

"சொல்லிக் கொடுத்தால் யார் வாங்குவார்?"

எமது வர்த்தகர்கள் இங்கே இரண்டு ஆட்சேபங்களைச் சொல்வார்கள். இரண்டும் நியாயமானவை.

அது பணக்காரர்கள் விடுமுறைக்கு வரும் ஊர், எமது வாடிக்கையாளரோ ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிப்பவர் என்பது முதலாவது. உண்மைதான். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. அந்த வருடம் பல குடும்பங்களின் சாமான் பட்டியலைச் சுருக்கியது. ஆனால் கை இறுகிய வாடிக்கையாளருக்குத்தான் கடைக்காரரின் அறிவு அதிகம் தேவைப்படுகிறது. புதிதாக ஒன்றை வாங்கி, செய்யத் தெரியாமல் வீணாகிவிடுமோ என்ற பயமே அவரைத் தடுக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க கடைக்காரருக்கு ஒரு சதமும் செலவில்லை.

தொழில் இரகசியத்தைச் சொன்னால் வியாபாரம் போய்விடும் என்பது இரண்டாவது. வட்டிலப்பம் செய்து விற்பவர் வட்டிலப்பத்தின் அளவைச் சொல்வாரா என்று கேட்கலாம். அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த கைப்பக்குவத்தை எல்லோருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மளிகைக் கடைக்காரர் விற்பது வட்டிலப்பமல்ல. முட்டையும் தேங்காயும் கருப்பட்டியும். அவர் எவ்வளவு சொல்லிக் கொடுக்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய சாமான் நகரும். சமைத்து விற்பவருக்கும்கூட நான் சொல்வது இதுதான்: முறை தெரிந்த எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. வீட்டில் ஒரு முறை செய்து பார்த்தவருக்குத்தான் அதன் சிரமம் தெரியும். அவர் அடுத்த முறை விலை பேசாமல் வாங்குவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அமெரிக்கக் கடை இன்று இல்லை. வேலையாட்களின் கைக்கு மாறி, சில வருடங்கள் நடந்து, பின்னர் மூடப்பட்டது. கட்டடமும் இறாக்கையும் போய்விட்டன. அங்கே சேர்த்த அறிவும், வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கையும் மட்டும் நூலாகவும் நிகழ்ச்சியாகவும் இன்றுவரை சம்பாதித்துக் கொடுக்கின்றன. வாடகைக் கடையில் தொழில் செய்யும் எமது சகோதரர்கள் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

அவர்களுடைய உணவுகளில் எமக்கு ஆகாதவையும் உண்டு. நாம் எடுக்க வேண்டியது அவர்களுடைய முறையை மட்டும்தான்.

எமது கடைகளில் செய்யக்கூடியவை

வெயில் காலத்தில் எமது கடைகளில் தேசிக்காய், கசகசா, வத்தகப்பழம், தயிர், வெள்ளரிக்காய், கடற்பாசி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்று ஒரு மூலையிலும் மற்றது வேறு மூலையிலும் கிடக்கும். இவற்றை ஒரே தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு மட்டையில் நாலு வரி எழுதி வையுங்கள்: "ஒரு மேசைக்கரண்டி கசகசாவைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற விடுங்கள். வத்தகப்பழத்தை மசித்து, தேசிக்காய்ச் சாறும் கொஞ்சம் சீனியும் சேர்த்து, ஊறிய கசகசாவைக் கலந்து குளிரக் குடியுங்கள்." இன்னொரு மட்டையில்: "வெள்ளரிக்காயைப் பொடியாக வெட்டி, தயிர், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள், புதினா சேருங்கள். அடுப்பே தேவையில்லை." தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். எமது கடைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரு மொழிக்காரர்களல்லர். நல்ல சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்நியரும் அயலவராகிவிடுவார்.

சுவை பார்க்கக் கொடுப்பதானால் கொஞ்சமாக, மூடி வைத்து, அன்றன்றே செய்து கொடுங்கள். ஈ மொய்க்கும் தட்டை வைப்பதைவிட வைக்காமலே விடலாம்.

வேலைக்கு நிற்கும் பையன்களுக்கு விலையை மட்டும் மனனம் செய்ய வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு பொருளைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள்: எங்கிருந்து வருகிறது, எப்படிச் சமைப்பது, எத்தனை நாள் இருக்கும். முதலாளிக்கே தெரியாவிட்டால் வீட்டில் உம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டு வரலாம். அதில் வெட்கமில்லை. எமது வீடுகளில் இருக்கும் சமையல் அறிவில் பாதியாவது கடைக்கு வந்தால் போதும்.

பொத்துவில், அறுகம்பைப் பகுதி வர்த்தகர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மே முதல் செப்டம்பர் வரை கடல் அலைக்காக வெளிநாட்டவர் அங்கு வந்து தங்குகின்றனர். அமெரிக்கக் கடையின் வியாபார காலமும் ஏறத்தாழ அதே மாதங்கள்தான். பருவம் முடிந்தால் வீதி வெறிச்சோடிவிடும். அந்தச் சில மாதங்களில் வந்தவர், "அந்தக் கடைக்காரர் எனக்குத் தேங்காய்ச் சம்பல் அரைக்கச் சொல்லித் தந்தார்" என்ற நினைவோடு திரும்பினால், அடுத்த வருடம் அவருடைய நண்பரும் அதே கடையைத் தேடி வருவார்.

சுப்பர் மார்க்கெட்டோடு விலையில் போட்டியிட எமது சிறு கடைகளால் முடியாது. குளிரூட்டியிலும் முடியாது, வாகனத் தரிப்பிடத்திலும் முடியாது. அங்கே உயரமான இறாக்கைகள் இருக்கின்றன. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல நேரமுள்ள மனிதரைக் காண்பது அரிது. எமக்கு எஞ்சியிருக்கும் ஒரே பலம் அந்த மனிதர்தான். அவரும், "தெரியாது, பெக்கட்டில இருக்கும்" என்று சொல்லத் தொடங்கினால் எமது கடைக்கு வருவதற்கு வேறு காரணம் ஏது?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். 10 கிராம் கடற்பாசிக்கு எல்லாமாக நான்கு கோப்பைத் திரவம். அரை மணி நேரம் ஊற வைத்து, இரண்டு கோப்பைத் தண்ணீரில் முற்றாகக் கரையும் வரை காய்ச்ச வேண்டும். பிறகு சீனியும், சூடாக்கிய பால் இரண்டு கோப்பையும், ஏலமும் சேர்த்து, தட்டில் ஊற்றி வைத்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகிவிடும். ஜெலட்டின் வெயிலில் உருகும், கடற்பாசி உருகாது. ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவதால் ஹலாலா என்று கேட்டறிய வேண்டும். கடற்பாசி கடல் தாவரத்திலிருந்து வருவதால் அந்தச் சந்தேகமும் இல்லை.

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. அந்த ஒரு நிமிடத்தை முகமலர்ச்சியோடு கொடுக்கின்ற கடைக்குத்தான் அந்தப் பெண் நாளையும் வருவார், தன் மகளையும் கூட்டி வருவார்.