'இஸ்'ஸா, 'ஆர்'ரா? எழுவாயைக் கேளுங்கள்!

எங்கள் மாடி வீட்டு அக்கா, குழந்தைகளுக்காக எட்டு வருடங்களுக்கு முன் கணக்காளர் வேலையை விட்டவர். இப்போது மறுபடியும் வேலை தேடுகிறார். போன வாரம் விண்ணப்பக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஒரு தடவை பார்த்துக் கொடுப்பா" என்றார்.

எல்லாம் நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. 'ஒன் ஆஃப் மை ஸ்ட்ரெங்த்ஸ் ஆர் டாக்ஸ் ஃபைலிங்.'

"இங்கே 'ஆர்' வராதுக்கா, 'இஸ்'தான் வரணும்."

"ஸ்ட்ரெங்த்ஸ்னு பன்மையிலதானே இருக்கு?"

நியாயமான சந்தேகம்தான். பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து வினைச்சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆனால், எழுவாய் எது என்றுதான் பார்க்க வேண்டும். பல திறமைகளில் 'ஒன்று' என்கிறோம். அந்த ஒன்றுதான் எழுவாய். அதனால் 'இஸ்'. 'தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் இஸ் ரெடி' என்பதும் அப்படித்தான். தயாராக இருப்பது பட்டியல், புத்தகங்கள் அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'எ நம்பர் ஆஃப் பீப்பிள் ஆர் வெயிட்டிங்' என்றால் 'பலர்' என்று பொருள். எனவே பன்மை. 'தி நம்பர் ஆஃப்' என்று தொடங்கினால் அது எண்ணிக்கை. எனவே 'இஸ்'.

அடுத்த குழப்பம் 'எஸ்' என்ற எழுத்து. பெயர்ச்சொல்லில் சேர்ந்தால் பெரும்பாலும் பன்மை. நிகழ்கால வினைச்சொல்லில் சேர்ந்தால் ஒருமை! 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்'. இருப்பது ஒரே ஒரு 'எஸ்', அது இருவரில் ஒருவரிடம்தான் இருக்கும் என்று நினைவில் வையுங்கள். 'ஐ', 'யூ' இரண்டுக்கும் அது கிடையாது.

இது நமக்குப் புதிதும் அல்ல. 'மாடுகள் மேய்கிறது' என்று பேசுகிறோம். எழுதும்போது 'மேய்கின்றன' என்று திருத்திக்கொள்கிறோம் இல்லையா? அதே கவனம்தான் இங்கும் தேவை.

அக்கா திருத்திவிட்டுச் சொன்னார்: "எட்டு வருஷ இடைவெளியை எப்படிச் சொல்றதுன்னே பயந்துட்டு இருக்கேன். இந்தத் தப்பும் இருந்திருந்தா, வேண்டாம்னு சொல்ல இன்னொரு சாக்கு கிடைச்சிருக்கும்ல?"

வேலை தெரிந்தவரை ஓர் 'ஆர்' தடுத்துவிடக் கூடாது. அன்று இரவே மெயிலை அனுப்பிவிட்டார். பதிலுக்காக அவரோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன்.

இந்த வாரக் கேள்வி: 'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்' என்ற தொகைக்குப் பிறகு 'இஸ் எனஃப்' வருமா, 'ஆர் எனஃப்' வருமா? யோசித்து வையுங்கள், விடையோடு அடுத்த வாரம் சந்திப்போம்.