பாட்டிக்கு எந்த ஊர்?



கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஓர் அம்மா தன் பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். பிள்ளைகளின் டிசி, முகாம் அட்டை, மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டிய ஒரு பிறப்புச் சான்று. அது அவருடைய தாயாருடையது. பிறந்த இடம், ஒரு தேயிலைத் தோட்டம்.

“அதுக்கு முன்னால திருச்சிப் பக்கம்னு பாட்டி சொல்லும். எந்த ஊருன்னு யாரும் கேட்டு வைக்கலைங்க” என்றார்.

நாம் மட்டும் கேட்டு வைத்திருக்கிறோமா? கொள்ளுப்பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

சிலருக்கு விடை காகிதத்தில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ல், சென்னையிலிருந்து 342 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன அந்த ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதினார்கள். அதை வைத்துத்தான் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்று ஊர் தேடி வருகிறார்கள். நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்களைத் தேடுபவர்கள் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா என்று பார்க்க வேண்டும். இப்போது நம் மாவட்டமான திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதை வேறு. கங்காணி தன் சொந்தபந்தத்தையும் ஊராரையும் திரட்டி அழைத்துப் போனார். தோட்டத்து செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பேர் விழுந்தது. விட்டுவந்த ஊரையோ பாட்டிகள்தான் மனசில் வைத்திருந்தார்கள்.

அந்த ஊர்ப்பெயருக்கு இன்றைக்கும் வேலை இருக்கிறது. திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர், ‘எங்கள் முன்னோர் இங்கிருந்து போனவர்கள்’ என்று சொல்லித்தான் குடியுரிமை கேட்டு மதுரை ஐகோர்ட் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூனில், அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க உத்தரவு கிடைத்தது.

காகிதம் போனால் எல்லாம் போயிற்றா? 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகள் சாம்பலாயின. அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்களின் பேரன் பேத்திகள் சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி வேர் தேடுகிறார்கள்.

நமக்கும் வழி உண்டு. முதல் மொட்டை எந்தக் கோயிலில் போட்டார்கள்? குலதெய்வம் இருக்கிற இடம்தான் பெரும்பாலும் பூர்வீகம். பழைய கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயரும் கிராமமும் இருக்கும். பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான ஆவணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். பெயர், ஊர், யார் எங்கே போனார்கள் என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். டிவி சீரியலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்