கைவிட்டால் சிறை, கூட இருந்தால் சம்பளப் பிடித்தம்

தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக விடுப்பு கேட்டால், "உங்க வீட்டில் வேற ஆளே இல்லையா?" என்று கேட்கும் மேலாளர்கள் நம் ஆலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கும் துணிவை அவர்களுக்குத் தந்திருப்பது சட்டத்தின் மௌனம். அந்த மௌனத்தைக் காத்து வருகிறவர்களையே இங்கே கண்டிக்கிறோம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2007-ல் நிறைவேற்றியது. பராமரிப்பு என்பதில் சோறு, துணி, இருப்பிடத்தோடு மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் அடங்கும் என்று அந்தச் சட்டமே வரையறுக்கிறது. காக்க வேண்டியவர் முதியவரை எங்காவது கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரியான சட்டம்தான். ஆனால் கைவிடாமல் கூடவே நிற்கிற மகனுக்கும் மகளுக்கும் என்ன இருக்கிறது? தனியார் துறையில் வேலை பார்ப்பவருக்கு, பெற்றோரின் நோய்க்கென்று சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்பைக்கூட எந்தச் சட்டமும் உறுதிசெய்யவில்லை.

தொண்டைப் புற்றுநோய்க்கு ஒரு துணை ஆள் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு வாரமாவது வார்டில் நின்று பார்க்க வேண்டும். 'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சு, தொண்டைப் புற்றுக்குப் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், ஏறத்தாழ 7 வாரம் நடக்கும். 33 முதல் 35 முறை மேசையில் படுக்க வேண்டும். இயந்திரம் நோயாளிக்கு வேலை செய்வது சில நிமிடம். பஸ்ஸும் டோக்கனும் காத்திருப்பும் முழு நாளை விழுங்கிவிடும். மூன்றாவது வாரம் வாக்கில் வாயும் தொண்டையும் புண்ணாகும். எச்சில் கோந்து போலக் கெட்டியாகும். தண்ணீர் விழுங்குவதே வாதையாகிவிடும். பலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கஞ்சியையும் பாலையும் வடிகட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் ஊற்ற வேண்டும். தலை உயர்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்தால் சளி அடைக்காமல் இரவிலும் விழித்திருக்க வேண்டும். அவரால் குரல் கொடுத்துக் கூப்பிட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் சிலேட்டும் உதவாது. கையைத் தட்டுகிறாரா, போர்வையை இழுக்கிறாரா என்று பார்த்துப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் பெற்ற பிள்ளை இருக்க வேண்டும்.

இடையில் நாள் தவறினால் நட்டம் உடனே வருகிறது. தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது மருத்துவ உலகம் அறிந்த கணக்கு. அழைத்து வர ஆள் இல்லாமல் ஒரு வாரம் நின்றுபோன சிகிச்சைக்கு யார் பொறுப்பு?

தொழிலாளியின் கையில் இருப்பதைக் கணக்கிடுங்கள். ஆலையில் 20 நாள் வேலைக்கு 1 நாள் ஈட்டிய விடுப்பு. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 15 நாள். சிகிச்சைக்கு 35 நாள். மீதி 20 நாள் சம்பளப் பிடித்தம். சம்பளமில்லா விடுப்பையும் முதலாளி மறுத்தால் வேலையே போகும். அப்படி வேலையை விடுகிறவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. அதை மனதாரப் பாராட்டுகிறோம். தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமும் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு வைத்தியம் பார்க்கிறது. தொழிலாளிக்கே புற்றுநோய் என்றால் ஊதியத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டு வரை தருகிறது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போன நாளுக்கு ஒரு காசு இல்லை.

2025 ஜூலையில் மாநிலங்களவையில் இதைப் பற்றிக் கேட்டபோது, ஒன்றிய அரசு ஊழியர்கள் தங்களுக்குள்ள 30 நாள் ஈட்டிய விடுப்பு முதலானவற்றை முதிய பெற்றோரைக் கவனிக்கவும் எடுத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் பதில் சொன்னார். ஏற்கெனவே அவர்களுடையதாக இருந்த விடுப்பைத் திரும்ப எடுத்துக் காட்டுவது பதில் ஆகாது. குழந்தை வளர்ப்புக்கு 730 நாள் வழங்கும் அதே விதிகள், பெற்றவர்களுக்கென்று தனியாக ஒரு நாளைக்கூட ஒதுக்கவில்லை. தனியார் துறையினருக்கு அந்தப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. ஜப்பானில் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்காகவும் 93 நாள் விடுப்பு உண்டு. அந்நாட்களுக்கு ஊதியத்தில் 67 சதவீதத்தை வேலைக் காப்பீடு தருகிறது. இங்கேயும் ஈட்டுறுதி நிதி வழியாக அதைச் செய்ய முடியும். முழுச் சுமையும் முதலாளியின் தலையில் விழ வேண்டியதில்லை.

பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்று முதலாளிகள் தரப்பில் சொல்வார்கள். கதிர்வீச்சுக்கு எந்த நாளில் வந்தார் என்பது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கிறது. வேறென்ன சான்று வேண்டும்?

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருப்பதால் டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி, நாள் முழுக்க நின்ற விற்பனைப் பெண்களுக்கு உட்கார உரிமை தந்தது தமிழ்நாடு சட்டப்பேரவைதான். அதே சட்டத்தில் இன்னொரு திருத்தம் போதும்: பெற்றோருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது சம்பளத்துடன் 35 நாள் விடுப்பு, அந்த நாட்களில் வேலை நீக்கத்துக்குத் தடை. ஆலைத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்த வேண்டும். ஒன்றிய அரசு ஈட்டுறுதித் திட்ட விதிகளைத் திருத்தி நிதியைத் திறந்துவிட வேண்டும். வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைத் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும்.