திருவருகைக் காலமும் அட்வான்ஸ் கிறிஸ்துமஸும்

எங்கள் பங்கில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். அதில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். பெரிய ஆசிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்று சிஸ்டர் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். 2025 நவம்பர் கடைசி ஞாயிறன்று பாடத்தைத் தொடங்கும்போது, "அட்வென்ட்னா என்ன?" என்று கேட்டேன். முன் வரிசையில் ஒரு பையன் டக்கென்று எழுந்து சொன்னான்: "அட்வான்ஸ் சார்! கிறிஸ்துமஸ் வர்றதுக்கு முன்னாடியே கொண்டாடுறது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் என்ன தப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. நாம் செய்வதைத்தானே அவன் சொன்னான்?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நவம்பர் பாதியிலேயே கடைகளில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் கேரல் கோஷ்டி வீடு வீடாக வந்துவிடும், கூடவே கிறிஸ்துமஸ் தாத்தாவும் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார். அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விழா, டியூஷனில் ஒன்று, அப்பாவின் அலுவலகத்தில் ஒன்று. 25ஆம் தேதி வருவதற்குள் பிள்ளை நாலு கேக் வெட்டி முடித்திருக்கும். உண்மையான கிறிஸ்துமஸ் அன்று அதற்குத் தூக்கம்தான் வரும். 26ஆம் தேதி எல்லாம் முடிந்தது. ஆனால் திருச்சபைக் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் 25ஆம் தேதிதான் தொடங்குகிறது, ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது! நாம் விருந்து தொடங்கும் நேரத்தில் இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

நான் படிப்பது பி.காம். கணக்குப் பதிவியலில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லித் தருவார்கள். சரக்கைக் கொடுக்காமல் முன்பணம் வாங்கினால் அது வருமானம் இல்லை, பொறுப்பு. இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில்தான் அது உட்காரும். பண்டிகையின் மகிழ்ச்சியும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டால், அந்த நாள் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

சரி, திருவருகைக் காலம் என்றால் உண்மையில் என்ன? அட்வென்ட் என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு 'வருகை' என்று பொருள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலம் இது. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் ஏதாவது ஒரு தேதியில் வரும். திருவழிபாட்டு ஆண்டு அன்றுதான் பிறக்கிறது. குருவானவர் ஊதா நிற உடை அணிவார். மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு அணியலாம், அது மகிழ்ச்சி ஞாயிறு. இந்த ஞாயிறுகளில் திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை. பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம்.

இதையெல்லாம் நாங்கள் வகுப்பில் சொல்லித்தான் கொடுக்கிறோம். பிரச்சினை அதுவல்ல. சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் பிரச்சினை. முதல் மெழுகுவர்த்தி எதைக் குறிக்கும்? எதிர்நோக்கு. இரண்டாவது? அமைதி. மூன்றாவது? மகிழ்ச்சி. நான்காவது? அன்பு. சபாஷ், பத்துக்குப் பத்து. பிள்ளை பதிலை ஒப்பித்துவிட்டு வெளியே போனால் கேரல் கோஷ்டியின் வண்டி ரெடியாக நிற்கிறது! காத்திருப்பதைப் பற்றி ஒரு பாடம் நடத்திவிட்டு, காத்திருக்க ஒரு நாள் கூட விடாமல் அனுப்பிவிடுகிறோம்.

என் கருத்து இதுதான். திருவருகைக் காலத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அவர்களைக் காத்திருக்க வைத்தால் போதும்.

அந்த மெழுகுவர்த்தி வளையமே குழந்தைகளுக்காகப் பிறந்ததுதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று அந்தப் பிள்ளைகள் தினமும் நச்சரித்ததாகச் சொல்வார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும், நான்கு ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். ஒரு நாளைக்கு ஒன்று ஏற்றுவார்கள். பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் அன்றைக்கே கேக் வெட்டி அவர்கள் வாயை அடைக்கவில்லை. விளக்கவுரையும் ஆற்றவில்லை. இன்னும் எத்தனை நாள் என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தார்.

இது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம், நம்மிடமே ஒன்று இருக்கிறது. குடிலில் பச்சைப் புல் வேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டில் பாட்டி ஒரு தட்டில் மண் பரப்பி நெல்லோ கேழ்வரகோ விதைப்பார். தண்ணீர் தெளிப்பது என் வேலை. முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது. முளைத்ததா என்று நான் மண்ணைக் கிளறிப் பார்த்து, நாலு விதையைக் கெடுத்து, பாட்டியிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். "நீ பாத்தா முளைக்காது. தண்ணிய ஊத்திட்டுப் போ." பத்துப் பன்னிரண்டு நாளில் தட்டு முழுக்கப் பச்சை. திருவருகைக் காலத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது பிளாஸ்டிக் புல் பாய் கடையில் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் குடில் தயார்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "பொறுமை நல்ல குணம் என்று சொல்லவா இவ்வளவு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதற்கு நான் 2017க்குப் போக வேண்டும்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தை அடித்துப் போட்டது. வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. எங்கள் ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் கரன்ட் இல்லை. எங்களுக்கு நடந்தது அவ்வளவுதான். கடற்கரை ஊர்களுக்கு நடந்தது வேறு. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராகப் பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பாவும் கடலில் இருந்தார்.

டிசம்பர் 3, ஞாயிறு. திருவருகைக் காலத்தின் முதல் நாள். கரன்ட் இல்லாத கோவிலில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அன்று என்ன நற்செய்தி வாசித்தார்கள் என்பது அந்த வயதில் என் காதில் ஏறவில்லை. பல வருடம் கழித்து, வகுப்புக்குத் தயார் செய்யும்போது பழைய திருவழிபாட்டு நாள்காட்டியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். மாற்கு நற்செய்தி, 13ஆம் அதிகாரம். வீட்டுத் தலைவர் பயணம் போயிருக்கிறார். அவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும்போது வருவாரோ, விடியும்போது வருவாரோ தெரியாது, அதனால் விழித்திருங்கள் என்று இயேசு சொல்லும் பகுதி. புயல் அடித்த மூன்றாம் நாள் கடற்கரைக் கோவில்களிலும் இதே வாசகம்தான் வாசிக்கப்பட்டிருக்கும். எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

அந்தப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 7ஆம் தேதி கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது அப்படியில்லை என்று காட்டியது அந்த டிசம்பர்தான். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. என் தோழன் ஜனவரியில் பள்ளிக்கு வந்தான். அவனுடைய அப்பா வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை.

2025இல் திருவருகையின் முதல் ஞாயிறு சரியாக நவம்பர் 30 அன்றே வந்தது. நான் ஆரம்பத்தில் சொன்ன 'அட்வான்ஸ்' பதில் வந்தது அந்த ஞாயிறுதான். சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நான் இந்தக் கதையைச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது தேவையா என்ற தயக்கம் இருக்கத்தான் செய்தது. முடித்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அப்போ அவங்க வரவே இல்லையா?" வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், தன் அப்பா சவூதியில் இருக்கிறார், பிப்ரவரியில் வருவார், போன பிப்ரவரியிலும் அப்படித்தான் சொன்னார் என்றான். இன்னொருத்தி, ஆஸ்பத்திரியில் இருக்கும் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காத்திருத்தல் என்றால் என்ன என்று நான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதைப் பேச ஓர் இடம்தான் அவர்களுக்கு இல்லை. டிசம்பர் ஒன்றாம் தேதியே "மகிழ்ச்சி, மகிழ்ச்சி" என்று மைக் போட்டுவிட்டால், அப்பா வராத பிள்ளை எங்கே போய் உட்காரும்? திருச்சபை அந்த நான்கு வாரத்தை ஊதா நிறத்தில் வைத்திருப்பதும், வானவர் கீதத்தை நிறுத்தி வைத்திருப்பதும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடத்தான் என்று நான் நினைக்கிறேன்.

குழந்தைகளின் சந்தோஷத்தைக் கெடுக்காதே என்று சிலர் திட்டலாம். ஸ்டாரைக் கழற்றுங்கள், கேரலை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை (சொன்னால் எங்கள் இளைஞர் இயக்கமே என்னை அடிக்க வரும்!). கேரலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கலாம். குடிலைக் கட்டுங்கள், ஆனால் 24 இரவு வரை தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் புல்லுக்குப் பதில் ஒரு தட்டில் நெல் விதைக்கப் பிள்ளையிடம் கொடுங்கள். வீட்டில் சவுக்கு இலையும் நாலு மெழுகுவர்த்தியும் போதும். அதை ஏற்றும் நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு, "நீ எதுக்காகக் காத்திருக்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைத் திருத்தாதீர்கள்.

நான்கு வாரம் கழித்து நள்ளிரவுத் திருப்பலியில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்க, வானவர் கீதம் திரும்பி வரும். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் வகுப்பிலும் அந்த ஞாயிறே ஒரு தட்டில் கேழ்வரகு விதைத்தோம். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் ஓரத்தில் மண் கிளறியிருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை.