டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம்

மூச்சு வாங்கினால் நம்மவர்கள் பழி போடும் இடங்கள் மூன்று. ஒன்று, திருப்பதி மலைக்காற்று. இரண்டு, ஊர்த் தண்ணீர். மூன்று, பரம்பரை. தினமும் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை இடத்தை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு வேலை இடத்துக்கும் பங்கு உண்டு என்று ஆய்வுகள் கூறுகின்றன. பேக்கரியில் பறக்கும் மாவு, மரம் அறுக்கும் தூள், வெல்டிங் புகை, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கும்போது கிளம்பும் தானியத் தூசி, ஆமணக்குத் தூசி எல்லாமே காரணம் ஆகலாம். பஸ், கார்களுக்கு ஸ்பிரே அடிக்கும் சிலவகை பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. 1984ல் போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலி வாங்கிய வாயுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

தூசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரம் சாட்சி. 1981 முதல் 1987 வரை 26 நாட்களில் அங்கே ஆஸ்துமா நோயாளிகள் திடீர் திடீரென்று ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். துறைமுகத்தில் சோயா இறக்கிய நாட்களோடு அந்தத் தேதிகள் ஒத்துப்போயின. தானியக் கிடங்கில் தூசி வடிகட்டி பொருத்தினார்கள். கூட்டம் நின்றது. நோயைக் காட்டிக்கொடுத்தது காலண்டர்தான்.

நாமும் அந்தக் காலண்டரைப் பார்க்கவேண்டும். லீவு நாளில் இளைப்பு குறைகிறதா? வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா? முதலில் மூக்கு ஒழுகி, கண் அரித்து, பிறகு இருமல் வந்ததா? சிலருக்கு வேலை நேரத்தில் ஒன்றும் இருக்காது, இரவில்தான் இழுக்கும். அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. மேலும், சேர்ந்த உடனே இந்த நோய் வராது. பல மாதம், ஏன், பல வருடம் ஒன்றும் செய்யாத தூசி, ஒருநாள் உடம்புக்குப் பகையாகிவிடும். அதன்பின் சிறிதளவு பட்டாலே போதும்.

ஊதிப் பார்க்கும் சிறு கருவியால் தினம் நான்கு வேளை, வேலை நாளிலும் லீவு நாளிலும், சில வாரம் அளந்து குறித்து வந்தால் டாக்டருக்கு உண்மை புலப்படும். ஒரே ஒருநாள் பரிசோதனை சரியாக இருந்தது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் வந்ததுமே அவசரப்பட்டு வேலையை விடவும் கூடாது. வேலையில் இருக்கும்போது அளந்தால்தான் காரணம் நிரூபணமாகும். நிரூபணமானபின் அந்தத் தூசியை விட்டு எவ்வளவு சீக்கிரம் விலகுகிறோமோ, அவ்வளவு நல்லது. முகத்தில் கட்டும் துண்டு காப்பாற்றாது.

நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தெலுங்கில் 'ஆயாசம்' என்றால் மூச்சுத்திணறல். தமிழில் அது வெறும் களைப்பு. நர்ஸ் "ஆயாசமா?" என்று கேட்க, நம்மவர் "களைப்பெல்லாம் இல்லை" என்று தலையாட்டினால் வைத்தியம் தடம் மாறிவிடும். நெஞ்சைத் தொட்டுக் காட்டியாவது சொல்லுங்கள்.

1700ல் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதிய இத்தாலிய டாக்டர் ரமாஸினி, நோயாளியிடம் "உன் தொழில் என்ன?" என்று கேட்கும்படி மற்ற டாக்டர்களை வற்புறுத்தினார். 300 வருடத்துக்கு மேல் ஆகியும் பல ஓ.பி. சீட்டுகளில் பெயர், வயது, ஊர் இருக்கும், தொழில் இருக்காது. அந்தக் காலத்தைச் சேர்க்க ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் முன்வரவேண்டும்.

சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவருக்கு, தகுதி இருந்தால், நோய்க்கால உதவியாக 70 சதவீதச் சம்பளம் வருடத்தில் 91 நாள் வரை உண்டு. கார்டு இல்லாத காண்ட்ராக்ட் கூலிக்கு என்ன உண்டு? மூட்டை தூக்குபவரும் பெயிண்ட் அடிப்பவரும் பெரும்பாலும் அவர்தானே! நோயைச் சொன்னவருக்குத் தூசியில்லாத வேறு வேலை தரவேண்டும். தொழிற்சங்கங்கள் போனசுக்குக் குரல் கொடுப்பதுபோல் இதற்கும் குரல் கொடுக்கவேண்டும்.

அதுவரை ஒன்று செய்வோம். ரூயாவோ, சிம்ஸோ, வேலூர் சி.எம்.சி.யோ, எங்கே போனாலும், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், "ஐயா, நான் செய்யும் வேலை இது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவோம்.