அஞ்சடியில் இருந்த கடைகள்

சென்ற மாதம் தெலுக் இந்தான் போயிருந்தேன். 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பா தையல்கடை வைத்திருந்த கடைவீட்டைத் தேடிப் போனேன்.

கட்டடம் இருக்கிறது. கீழே கைப்பேசிக் கடை. மேல்மாடிச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்துவிட்டார்கள். பறவைக் கூட்டு வியாபாரத்துக்காக உள்ளே ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடுகிறது. நாங்கள் ஆறு பேர் படுத்துறங்கிய இடம் அது.

1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் வைத்திருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 1999 இறுதியோடு பாதுகாப்பு முடிந்தது. வீட்டுக்காரர் மூன்று மடங்கு வாடகை கேட்டார். அப்பா ஊருக்கு வெளியே ஒரு தாமானுக்குக் கடையை மாற்றினார்.

"கை சுத்தமா இருந்தா எங்கே வச்சாலும் கடை ஓடும்" என்றார். ஓடவில்லை. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் முடிவெட்டிக்கொண்டு, மளிகை வாங்கி, அப்படியே சிலுவாருக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு கடை இன்னொரு கடைக்கு ஆள் அனுப்பியது. அது பிரிந்ததும் ஒவ்வொன்றாக மூடின.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பழைய வாடகையில் அவரால் கூரை ஓடுகூட மாற்ற முடியவில்லை. மழை பெய்தால் எங்கள் பாயில்தான் ஒழுகும். சட்டத்தை எடுத்தது தவறல்ல. எடுத்தால் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று யாரும் கேட்காததே தவறு.

ஜார்ஜ்டவுனில் 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த பிறகு எத்தனையோ கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் புதுப்பொலிவு பெற்றன. சுவர்கள் பிழைத்தன. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் இன்று அங்கு இல்லை.

உங்கள் ஊர்ப் பெரிய தெருவைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னால், வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளூர்த் திட்ட வரைவை ஊராட்சி மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்கும். ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம். இப்போது இருக்கும் கடைக்காரர்களில் எத்தனை பேர் திரும்பி வர முடியும், என்ன வாடகைக்கு என்று கேளுங்கள்.

அப்பாவின் தையல் இயந்திரம் என் வீட்டில் இருக்கிறது. அது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது.