மலைத் தினையும் மர உரலும்

சோழவந்தானைச் சூழ்ந்த வயல்களில் நெல்லும் கொடிக்கால்களில் வெற்றிலையும் செழித்திருத்தல் கண்ணுக்கு இனிது. 1895இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டபின் இவ்வளம் பெருகிற்று. மலைவாழ் உழவர்க்கோ அணையுமில்லை, கால்வாயுமில்லை, மழையே துணை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அவர்கள் சாமையையும் தினையையும் கேழ்வரகையும் சரிவான நிலங்களில் விதைத்து வந்தனர். எருவும் நீரும் சிறிதே போதும். விளைந்த தவசம் நெடுநாள் கெடாது.

அப்பயிர்கள் குறைந்தது ஏன்? சோம்பலால் என்பர் சிலர். அது பொருந்தாது. கேழ்வரகின் உமி எளிதில் நீங்கும். சாமைக்கும் தினைக்கும் அவ்வாறன்று. உரலிலிட்டுப் பன்முறை குத்திப் புடைத்தல் வேண்டும். அவ்வுழைப்புப் பெண்டிர் தோள்களிலேயே விழுந்தது. மரவள்ளிக் கிழங்கையோ மண்ணினின்று அகழ்ந்தவுடன் ஜவ்வரிசி ஆலைக்கு விற்றுப் பணமாக்கலாம். நியாயவிலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. பின் எவர்தாம் உரலை நாடுவர்?

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. விழா நன்றே, ஆயினும் பாராட்டுரையால் உமி நீங்காது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் உமி நீக்கும் எந்திரங்களை அமைத்து, ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. அதுவே நேர்வழி என்பேன். சிற்றூர்தோறும் ஓர் எந்திரமும், அதனைப் பழுதுபார்க்க அறிந்த ஓர் இளைஞனும் முதற்கண் வேண்டும். அடுத்தது விலை. மதுரைக் கடைவீதிகளில் சாமையரிசி நெல்லரிசியினும் மிகுந்த விலைக்கு விற்கின்றது. அம்மிகுதி விதைத்தவர் கையை எட்டுகின்றதா என்று வாங்குவோர் ஒருமுறையேனும் வினவலாகாதா?